குவியலின் அடியில் இருக்கும் ஈரம்: உடலுக்குள் வைக்கும் பிளாஸ்டிக்கை எப்படிச் சோதிக்கிறார்கள்?

உம்மாவுக்குக் கண்புரை எடுத்து வில்லை வைத்து மூன்றாம் நாள். புத்தளத்திலிருந்து வந்து, திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நான் இருக்கும் வாடகை வீட்டில் தங்கியிருந்தா. கறுப்புக் கண்ணாடியோடு விறாந்தையில் இருந்தவ திடீரெனக் கேட்டா:

"மகன், என்ட கண்ணுக்குள்ள வச்சது கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்தான் உம்மா."

"பிளாஸ்டிக்கா? முத்தத்தில கிடந்த கதிரை ரெண்டு வருஷ வெயிலுக்கு வெடிச்சுப் போச்சே. இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதில ஹறாமான சாமான் ஒண்டும் கலந்திருக்காதே?"

இரசாயனவியல் படிப்பித்துக் காலம் தள்ளுபவன் நான். "ஒண்டும் செய்யாது உம்மா, சோதிச்சுத்தான் வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். "ஆர் சோதிச்ச? எப்பிடிச் சோதிச்ச?" என்று அவ திருப்பிக் கேட்டபோது வாய் அடைத்துப் போயிற்று. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளுக்கான பதில். நம் வீடுகளில் கண் வில்லை, ஹேர்னியாவுக்கு வைக்கும் வலை, செயற்கை இதய வால்வு, மாற்று இடுப்பு மூட்டு என்று ஏதாவதொன்றை உடலுக்குள் சுமந்து நடப்பவர் ஒருவராவது இருப்பார். அவர் அந்தப் பொருளைத் தெரிவுசெய்யவும் இல்லை, கண்ணால் காணவும் இல்லை.

கதிரையும் வில்லையும்

முதலில் கதிரை. முற்றத்துக் கதிரை பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றன; கதிரை நொறுங்குகிறது. உம்மாவின் வில்லை பொலிமெதைல் மெதக்கிரிலேற், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. கடைப் பெயர்ப்பலகைகளுக்குப் போடும் பேர்ஸ்பெக்ஸ் இந்த இனந்தான். வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. அது இளகுவதற்கு நூறு பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உடம்பின் சூடு 37 பாகைதான்.

ஆனால் உடம்பு தாக்குவது வெயிலால் அல்ல. நீரால், நொதியங்களால், வெள்ளணுக்கள் கக்கும் ஒட்சியேற்றும் பொருள்களால் தாக்கும். வெளியில் உறுதியான நைலோன் நூல் உடலுக்குள் வருடா வருடம் பலம் இழக்கிறது. வெளியில் வெடிக்கும் பொலிப்புரொப்பிலீனோ உடலுக்குள் தையல் நூலாகப் பல்லாண்டு தாங்குகிறது. முற்றத்தில் கண்ட அனுபவத்தை வைத்து உடலுக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாது என்பது முதற்பாடம்.

விமானியின் கண்

வில்லையின் கதை ஒரு காயத்தில் தொடங்கியது. 1940இல் பிரித்தானிய விமானி கோர்டன் கிளீவரின் விமானத்தை எதிரி சுட்டபோது, மேல்மூடியின் பேர்ஸ்பெக்ஸ் சிதறி அவருடைய கண்களில் பாய்ந்தது. கண் மருத்துவர் ஹரோல்ட் றிட்லி, அப்படிப் பாய்ந்த துண்டுகள் கண்ணுக்குள் பெரிய அழற்சி எதுவுமின்றிக் கிடப்பதைக் கவனித்தார். கண்புரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதே பொருளாலான வில்லையை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அதைச் செய்தார்.

அந்த ஆரம்ப வில்லைகள் சிலவற்றால் கண்ணில் கடும் அழற்சி வந்தது. குற்றவாளி பிளாஸ்டிக் அன்று. கிருமிநீக்கப் பயன்படுத்திய செற்றிரிமைட் என்ற மருந்து, கழுவிய பிறகும் வில்லையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொன்று நடந்தது. 1990களின் பிற்பகுதியில் வந்த ஒருவகை மடிக்கும் வில்லை, வைத்துச் சில காலம் போனதும் கல்சியம் படிந்து மங்கிற்று. தேடிப் போனால், அதை அடைத்துவந்த பொதியின் சிலிக்கோன் அடைப்பான்மீது சந்தேகம் விழுந்தது. பொதியை மாற்றினார்கள்.

இரண்டிலும் மூலப்பொருள் நல்லது. பிழை கழுவுவதிலும் பொதிவதிலும். அதனால்தான் இன்று, மூலப்பொருளை மட்டும் சோதித்த அறிக்கை போதாது. வார்த்து, மெருகேற்றி, கிருமிநீக்கி, பொதியிலிட்டு, நோயாளிக்குப் போகும் நிலையில் உள்ள பொருளையே சோதிக்க வேண்டும் என்கிறார்கள்.

உடம்பு என்ன செய்கிறது?

வெளிப்பொருள் ஒன்று உடலுக்குள் வந்ததும், சில விநாடிகளில் இரத்தத்திலும் இழையப் பாயத்திலும் உள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. பிறகு உடம்பு காண்பது பிளாஸ்டிக்கை அன்று, அந்தப் புரதப் பூச்சைத்தான். வெள்ளணுக்கள் வருகின்றன. பின்னால் பெருவிழுங்கிக் கலங்கள் வந்து விழுங்கப் பார்க்கின்றன. விழுங்க முடியாத அளவு பெரிதென்றால், பல கலங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து இராட்சதக் கலமாகி அதன்மேல் குந்திக்கொள்கின்றன. கடைசியில் உடம்பு அதைச் சுற்றி நார் இழையத்தால் ஓர் உறை கட்டி, "நீ அங்கே இரு, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒதுக்கிவிடுகிறது. உறை மெல்லியதாக அமைந்து அழற்சி அடங்கிவிட்டால் சமாதானம். அடங்காவிட்டால் வலி, வீக்கம், மறுபடியும் சத்திரசிகிச்சை. இரத்தத்தில் நேரடியாகத் தொடும் பொருளென்றால் இன்னொரு ஆபத்து: அதன்மேல் இரத்தம் உறைந்து, கட்டி பிரிந்து மூளைக்குப் போகலாம்.

எந்தப் பிளாஸ்டிக்கும் உடம்புக்கு "இல்லாத பொருள்" ஆகிவிடுவதில்லை. உடம்பு எதற்கும் ஏதோ ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதில் அந்த இடத்துக்கும் அந்த வேலைக்கும் ஏற்றதாக இருக்கிறதா என்பதே கேள்வி. 'உடல் ஒத்திசைவு' என்று நான் இங்கே எழுதுவது இதைத்தான்.

இதை ஆங்கிலேய எலும்பு மருத்துவர் ஜோன் சார்ன்லி தன் உடம்பிலேயே கற்றார். 1950களின் இறுதியில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு அவர் தெப்லோனைத் தெரிவுசெய்தார். எதனுடனும் ஒட்டாத, எதனுடனும் தாக்கமடையாத பொருள். கட்டியாக உடலில் வைத்தால் சாதுவாகக் கிடக்கும். ஆனால் நடக்க நடக்க மூட்டில் உராய்ந்து தூளாயிற்று. அந்தத் தூளை விழுங்கப் போன கலங்கள் பெரும் அழற்சியைக் கிளப்பின. நூற்றுக்கணக்கானோரின் மூட்டுகளைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது. மாற்றுப்பொருளாக அடர்ந்த பொலிஎதிலீன் வந்தபோது, சார்ன்லி இரண்டு பொருள்களின் தூளையும் தன் தொடையிலேயே வைத்துப் பார்த்தார். தெப்லோன் வைத்த இடம் கட்டிபட்டது. பொலிஎதிலீன் வைத்த இடம் அப்படி ஆகவில்லை. 1962 முதல் அந்தப் பொலிஎதிலீன் வந்தது. இன்றும் இடுப்பு மூட்டில் அதன் வழிவந்ததே பெரும்பாலும் இருக்கிறது.

இடம் மாறினாலும் பதில் மாறும். பொலிப்புரொப்பிலீன் வலை ஹேர்னியாவுக்கு நல்ல துணை. அதே வலையைக் கருப்பை இறங்கிய பெண்களுக்குப் பிறப்புவழியூடாக வைத்தபோது, பலருக்கு வலை தோலை அரித்து வெளியே வந்தது. தீராத வலியும் வந்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து நிருவாகம் அந்தப் பயன்பாட்டுக்கான வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. "இது ஹேர்னியாவுக்குப் பாவிக்கிற சாமான்தானே" என்ற நம்பிக்கைக்கு அந்தப் பெண்கள் விலை கொடுத்தார்கள்.

ஆய்வுகூடத்தில் நடப்பது

இந்தச் சோதனைகளுக்கு உலகெங்கும் பொதுவாகக் கொள்ளப்படும் நியமம் ஐ.எஸ்.ஓ. 10993. 1992 முதல் பகுதி பகுதியாக வந்து, திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அது முதலில் கேட்பவை இரண்டு: பொருள் உடம்பில் எங்கே தொடுகிறது? எவ்வளவு நேரம் தொடுகிறது? 24 மணித்தியாலம் வரை, 30 நாள் வரை, அதற்கும் மேல் என்று மூன்று வகுப்பு. ஊசி ஏற்றும் குழாயும் ஆயுள் முழுக்க இருக்கும் கண் வில்லையும் ஒரே சோதனைக்கு உட்படுவதில்லை.

முதல் வேலை ஊறவைப்பது. நம் வீடுகளில் மருந்துக்கு வேர் ஊறவைப்பது போலத்தான். பொருளை உப்புநீரிலும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்திலும் போட்டு, 37 பாகையில் 72 மணித்தியாலம் வைப்பார்கள். தாங்கக்கூடிய பொருளென்றால் இன்னும் கூடிய வெப்பத்தில் குறைந்த நேரம். எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு திரவம் என்பதற்கும் கணக்குண்டு: அரை மில்லிமீற்றரை விட மெல்லிய பொருளென்றால் 6 சதுர சென்றிமீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர். பிளாஸ்டிக் என்பது தனிச் சரக்கன்று. வார்க்கும்போது தாக்கமடையாமல் மிஞ்சிய ஒருபகுதியம், இளக்கி, நிறமூட்டி, ஒட்சியேற்றத் தடுப்பி எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றில் எது வெளியே கசியும் என்று இந்த ஊறல்நீர் காட்டும்.

அடுத்தது கலச் சோதனை. 1940களில் ஒரு சுண்டெலியின் இழையத்திலிருந்து எடுத்து இன்றுவரை ஆய்வுகூடங்களில் வளர்க்கப்பட்டுவரும் எல்-929 என்ற கலவரிசையை இதற்கு அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஊறல்நீரில் அந்தக் கலங்களை ஒரு நாள் விட்டு, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடுள்ள கலங்கள் அதை ஊதா நிறமாக்கும். ஊதா குறைந்தால் கலங்கள் செத்திருக்கின்றன என்று பொருள். உயிர்த்திருப்பவை 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருளை நச்சுத்தன்மை உள்ளதாகக் கொள்வார்கள். சோதனையே சரியாக நடக்கிறதா என்று பார்க்க, கூடவே தீங்கற்றதென்று தெரிந்த பொலிஎதிலீனையும் நஞ்சென்று தெரிந்த வேறொரு பொருளையும் வைப்பார்கள். நஞ்சு வைத்த கிண்ணத்தில் கலங்கள் சாகவில்லை என்றால், அன்றைய சோதனை முழுதும் குப்பைக்குத்தான்.

இரத்தம் தொடும் பொருளுக்கு இரத்தச் சோதனை. பொருளோடு இரத்தத்தை வைத்து, செங்குருதிக் கலங்கள் எவ்வளவு உடைகின்றன என்று அளப்பார்கள். உடைவு 2 சதவீதத்துக்குக் குறைவென்றால் தேறிற்று. 5 சதவீதத்துக்கு மேலென்றால் இல்லை.

கிருமி செத்தாலும் அதன் உடற்சுவர்த் துண்டுகள் காய்ச்சலையும் கண் அழற்சியையும் தரக்கூடியவை. கொதிக்க வைத்தால் மட்டும் அவை போய்விடா. அவற்றைக் கண்டுபிடிக்க, குதிரைலாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பயன்படுத்துகிறார்கள். நச்சுத் துண்டு இருந்தால் அது உறைந்துவிடும்.

அதற்குப் பிறகே விலங்கு. தோலில் ஒவ்வாமை வருமா என்று கினிப்பன்றியில் அல்லது சுண்டெலியில். தசைக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்று முயலில். வாரக்கணக்கில், தேவையென்றால் மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு அந்த இடத்து இழையத்தைச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். உறை எவ்வளவு தடிப்பு? இராட்சதக் கலங்கள் எத்தனை? இழையம் செத்திருக்கிறதா? தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். மனிதரில் பரீட்சிப்பது இவை எல்லாம் முடிந்த பிறகு.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆடு

இதெல்லாம் மேற்கு நாட்டுக் கதையென்று எண்ண வேண்டாம். நமக்கு மிக அருகில், கேரளத்துத் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம் இந்த வழியை அடி அடியாக நடந்து காட்டியது.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகும் நோய் நம் பக்கத்து ஏழை வீடுகளின் நோய். சிறுவயதில் தொண்டைப்புண்ணாக வரும், இருபது வயதில் இதயத்தில் நிற்கும். இறக்குமதி வால்வின் விலை அந்த வீடுகளுக்கு எட்டாதது. டொக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், பொறியியலாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் முதலானோர் உள்நாட்டு வால்வு ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். ஒரு வளையம், அதற்குள் இரத்தம் போகும்போது சரிந்து திறந்து, திரும்பும்போது மூடும் ஒரு தட்டு. கேட்க இலகு. ஆனால் நிமிடத்துக்கு 72 துடிப்பென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 38 மில்லியன் தடவை அது திறந்து மூட வேண்டும். இத்தகைய வால்வு ஆய்வுகூடப் பொறியில் 400 மில்லியன் தடவை, அதாவது பத்து வருடத்துக்கு மேற்பட்ட துடிப்பு, தாங்கவேண்டும் என்கிறது சர்வதேச நியமம்.

முதல் மாதிரி ஒட்டிய இடத்தில் முறிந்தது. அடுத்ததில் தைத்தேனியம் உலோகச் சட்டமும் செயற்கை நீலக்கல் தட்டும். கடினமான கல் உலோகத்தைத் தேய்த்துவிட்டது. மூன்றாவதில் சட்டத்தை வேறு கடினமான கலப்புலோகமாக்கினார்கள். ஆட்டின் இதயத்தில் வைத்தபோது நீலக்கல் தட்டு உடைந்து ஆடு செத்தது.

பல வருட உழைப்பு. அந்த ஆடு செத்ததை ஒரு விதிவிலக்கென்று எழுதி ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் தட்டை மாற்றினார்கள். நான்காவது மாதிரியில் கோபாற்று, குரோமியம் கலந்த உலோகச் சட்டத்துக்குள் அதிவுயர் மூலக்கூற்றுநிறைப் பொலிஎதிலீன் தட்டு வந்தது. சார்ன்லி இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்த பொருளின் இனந்தான் அது. இதயத்தோடு தைக்கும் வளையம் பொலியெஸ்டர் துணி. கல்லை விட மெதுமையானது, ஆனால் உடையாது, உலோகத்தையும் தேய்க்காது.

1990 டிசம்பர் 6 அன்று அந்த வால்வு முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தில் வைக்கப்பட்டது. அந்தத் திகதி எனக்கு மறக்காது. அதற்கு ஐந்து வாரத்துக்கு முன், ஒக்டோபர் 30இல்தான் நாங்கள் சோனகத் தெருவை விட்டுக் கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டோம். நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்த அதே நாட்களில், கடலுக்கு அந்தப் பக்கம் இப்படியொரு காரியம் நடந்திருக்கிறது. பிற்பாடு ரி.ரி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வைக்கப்பட்டுவிட்டது. இதுபோலவே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கிக் கண் வில்லையின் விலையை ஏழைக்கு எட்டும்படி இறக்கினார்கள். மலிவாகச் செய்வதும் சோதித்துச் செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

அடியில் இருந்த ஈரம்

இனிச் சோதனை எங்கே தோற்கிறது என்று பார்ப்போம்.

பிரான்சில் பி.ஐ.பி. என்றொரு நிறுவனம் மார்பகத்தில் வைக்கும் சிலிக்கோன் பைகளைச் செய்தது. அனுமதி பெற்றது மருத்துவத் தரச் சிலிக்கோனுக்கு. பைக்குள் நிரப்பியதோ மலிவான கைத்தொழிற் சிலிக்கோன். பரிசோதகர்களுக்கு உண்மையை மறைத்ததை நிறுவனர் ஜோன் குளோட் மாஸ் பொலிஸாரிடம் ஒப்புக்கொண்டார். 2010இல் விடயம் வெளியானபோது பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்களின் உடலுக்குள் அந்தப் பைகள் இருந்தன. அவர்களிற் பலர் புற்றுநோய்க்கு மார்பகத்தை இழந்தவர்கள். 2013இல் மாஸுக்கு நான்கு வருடச் சிறை. எல்லாச் சோதனைகளும் தாளில் சரியாக இருந்தன. சோதித்த பொருள் ஒன்று, விற்ற பொருள் வேறு.

இதை வாசித்தபோது எனக்கு ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சந்தைச் சம்பவம் நினைவுக்கு வந்தது. தானியக் குவியல் ஒன்றைக் கடந்துபோன நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, அடியில் விரல் நனைந்தது. மழை பட்டுவிட்டதென்றார் வியாபாரி. அப்படியென்றால் சனம் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவராகக் கொள்ளவில்லை.

இந்தச் சம்பவத்தை நாம் வியாபார ஒழுக்கத்துக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். இதில் சோதிக்கும் முறையும் இருக்கிறது. நபியவர்கள் வியாபாரி காட்டிய மாதிரியைப் பார்க்கவில்லை. விற்பனைக்குக் கிடந்த குவியலுக்குள்ளேயே கைவிட்டார்கள், அதுவும் மேற்பரப்பை விட்டு அடிவரை. விற்கப்படும் முடிவுப் பொருளைச் சோதி, சொல்லாமல் போய்ச் சோதி, கண்ட குறையை மேலே வை என்பவற்றை இன்றைய ஒழுங்குபடுத்துநர்கள் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றார்கள். பி.ஐ.பி. விவகாரத்துக்குப் பிறகே ஐரோப்பா முன்னறிவித்தலற்ற பரிசோதனையைக் கண்டிப்பாக்கியது.

ஹலாலா என்ற கேள்வி

உம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கண் வில்லையின் பிளாஸ்டிக் பெற்றோலிய வழிவந்த இரசாயனங்களால் ஆனது. விலங்கு இழையம் அன்று. சில பிளாஸ்டிக்குகளில் வார்ப்பு இலகுவுக்காகச் சேர்க்கும் ஸ்டீயரேற்றுகள் மாட்டுக் கொழுப்பிலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோ வரலாம். அறிய விரும்புபவர் உற்பத்தியாளரிடம் கேட்கலாம்.

இந்தக் கேள்வி உண்மையாகவே கனப்பது இதய வால்வில். உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட வால்வு நீடித்து உழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாதிருக்க வோர்பரின் மாத்திரை குடிக்க வேண்டும். பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யும் இழைய வால்வுக்கு நீண்டகால வோர்பரின் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் காலப்போக்கில் தேய்ந்து மாற்ற வேண்டிவரும். வோர்பரின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒரு பெண்ணுக்கு இது வெறும் ஹலால், ஹறாம் பட்டியல் விடயமன்று. பன்றி வால்வுக்கு மாட்டிழைய வால்வு மாற்றாக உண்டா, அவளது இதயத்துக்கு அது பொருந்துமா, நிர்ப்பந்தம் எந்த அளவு என்பதெல்லாம் தெரிந்துதான் ஒரு ஆலிம் பதில் சொல்ல முடியும். கேட்கப் போகிறவர் வைத்தியரிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது.

சோதனைக்கு உயிர்விடும் முயலையும் ஆட்டையும் நான் மறக்கவில்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவளின் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விஞ்ஞானத்திலும் 1959இல் றசலும் பேர்ச்சும், விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். தோலெரிச்சலை முயலின் முதுகில் பார்ப்பதற்குப் பதிலாக, ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதத் தோலில் பார்க்கும் முறை 2021இல் நியமத்துக்குள் வந்துவிட்டது. கலச் சோதனையில் தோற்ற பொருளை விலங்குக்குக் கொண்டுபோகாமல் நிறுத்துவதும் இரக்கந்தான்.

நாம் செய்யக்கூடியது

இலங்கைக்கு வரும் இச்சாதனங்களில் மிகப் பெரும்பாலானவை இறக்குமதி. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையே அவற்றைப் பதிவுசெய்கிறது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில், பதிவு இல்லாத மருந்துகள் விலக்களிப்போடு அவசரமாய்க் கொள்வனவு செய்யப்பட்டன. 2023இல் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட துளிமருந்தால் நுவரெலியாவில் நோயாளர் சிலரின் பார்வை பாதிக்கப்பட்டதையும் கண்டோம். அது பிளாஸ்டிக் அன்று, மருந்து. ஆனால் அடியில் ஈரம் இருந்த குவியல்தான் அதுவும்.

எல்லாச் சோதனையையும் நாமே செய்ய முடியாது. ஊறவைத்துக் கசிவு பார்ப்பதும், செங்குருதிக் கலம் உடைவதை அளப்பதும் பெரும் பொறி வேண்டாத சோதனைகள். மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் பக்கம் பக்கமாக உள்ள திருநெல்வேலி போன்ற இடத்தில், வந்திறங்கும் பொருளை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை மாணவர் திட்டங்களிலிருந்தே தொடங்கலாம். நம் பிள்ளைகள் வைத்தியராக மட்டுமன்றி, இப்படிச் சோதிப்பவராகவும் வர ஆசைப்பட வேண்டும். ஒரு வைத்தியர் ஒரு நாளில் சில பேரைக் காப்பார். ஒரு தொகுதி வில்லையில் இருக்கும் பிழையைக் கண்டவர் முகம் தெரியாத ஆயிரம் பேரைக் காப்பார்.

நோயாளியின் வீட்டார் செய்ய ஒன்றுண்டு. வில்லை, வால்வு, மூட்டு எதை வைத்தாலும் அதன் பொதியில் ஒட்டுத்தாள் இருக்கும்: பொருளின் பெயர், உற்பத்தியாளர், தொகுதி இலக்கம், தொடர் இலக்கம். அதை நோயாளியின் அட்டையில் ஒட்டித் தரும்படி கேட்டு வாங்குங்கள். நாளைக்கு ஒரு தொகுதியில் குறை கண்டு திரும்பப் பெற அறிவித்தால், அந்த இலக்கம் ஒன்றுதான் அது நம் வீட்டில் இருக்கிறதா என்று சொல்லும்.

உம்மாவிடம் அட்டையைக் கேட்டேன். மருந்துச் சீட்டுகளோடு குப்பைக் கூடைக்குள் போட்டிருந்தா. எடுத்துத் துடைத்து, தொகுதி இலக்கத்தை வாசித்துக் காட்டி, இவ்வளவு சோதனைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு,

"அப்ப அந்த ஆட்டை அறுத்துச் சாப்பிடவும் இல்லையா?" என்றா.

"இல்லை உம்மா. எங்கட வால்வு உடையாமல் இருக்கத்தான் அது செத்தது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு அந்த அட்டையை வாங்கி, அடையாள அட்டை வைக்கிற பைக்குள் வைத்தா.